ரிஜிஸ்டரில் 86%, நேரில் பார்த்தால் 11%: பச்சிளம் குழந்தைகளைக் காப்பாற்ற டேட்டா உதவுமா?

பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்தாச்சா? ரொம்ப சிம்பிளான கேள்விதான். ஆனால், வங்கதேசம், நேபாளம், தான்சானியா ஆகிய நாடுகளின் ஐந்து மருத்துவமனைகளில் இந்த ஒரே கேள்விக்கு மூன்று வெவ்வேறு பதில்கள் கிடைத்தன.

மருத்துவமனை ரிஜிஸ்டர் சொன்ன பதில்: சுமார் 86% குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது. டிஸ்சார்ஜ் ஆகும்போது தாய்மார்களிடம் கேட்டதில் கிடைத்த பதில்: சுமார் 53%. பிரசவ அறையிலேயே நின்று, கையில் டேப்லெட்டுடன் நேரத்தைக் குறித்துக்கொண்டே இருந்த ஆய்வாளர்கள் பார்த்தது: சுமார் 11%.

2017, 2018-ம் ஆண்டுகளில் நடந்த 'என்-பர்த்' என்ற ஆய்வில் வெளிவந்த கணக்கு இது. ஆய்வாளர்கள் மொத்தம் 23,000-க்கும் மேற்பட்ட பிரசவங்களைக் கவனித்தார்கள். முடிவுகள் 2021-ல் வெளியாகின. அவர்கள் ஒரு புதிய மருந்தையோ கருவியையோ சோதிக்கவில்லை. 'மருத்துவமனைகள் தரும் எண்களை நம்பலாமா' என்பதை மட்டும்தான் சோதித்தார்கள்.

யாரோ பொய் எழுதினார்கள் என்று இதைச் சுருக்கிவிட முடியாது. ஒரு பிரசவ வார்டில் ஒரே நர்ஸ் பல தாய்மார்களைக் கவனிக்கிறார். ரிஜிஸ்டரை எடுத்து எழுத நேரம் கிடைப்பது பெரும்பாலும் எல்லா வேலையும் முடிந்த பிறகுதான். அப்போது எந்தக் குழந்தைக்கு எத்தனை மணிக்குப் பால் கொடுக்கப்பட்டது என்பது யாருக்கு நினைவிருக்கும்? காலம் இருக்கிறது, டிக் போட வேண்டும், போட்டாகிவிட்டது.

அதற்காக ரிஜிஸ்டரே வேஸ்ட் என்றும் சொல்லிவிட முடியாது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கைத் தடுக்கும் ஊசி, மூச்சுவிடாத குழந்தைக்கு பையும் மாஸ்க்கும் வைத்துக் காற்று கொடுப்பது போன்ற விஷயங்களில் ரிஜிஸ்டர் நன்றாகவே தேறியது. அந்த இடத்தில் தடுமாறியது தாய்மார்களின் பதில்கள்தான். தையல் போட்டுக்கொண்டிருக்கும்போது அறையின் மூலையில் தன் குழந்தைக்கு என்ன செய்தார்கள் என்று ஒரு தாய்க்கு எப்படித் தெரியும்?

எந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்பதிலேயே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது.

இது ஏன் இவ்வளவு முக்கியம்?

ஐ.நா. மதிப்பீட்டின்படி, 2022-ல் உலகம் முழுவதும் சுமார் 23 லட்சம் குழந்தைகள் பிறந்த முதல் 28 நாட்களுக்குள் இறந்தன. ஐந்து வயதுக்குள் நிகழும் மரணங்களில் கிட்டத்தட்ட பாதி இந்த முதல் மாதத்தில்தான் நடக்கிறது. குறைப்பிரசவம், பிரசவ நேரத்தில் மூச்சுத்திணறல், கிருமித்தொற்று இந்த மூன்றும்தான் முக்கியக் காரணங்கள். மூன்றுக்குமே சிகிச்சை இருக்கிறது. அதில் பலவும் காஸ்ட்லியான சிகிச்சையும் இல்லை.

2030-க்குள் இந்த மரணங்களை ஆயிரம் பிறப்புகளுக்கு 12 அல்லது அதற்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. ஆனால், ஒரு மாவட்ட மருத்துவமனையில் குழந்தைகள் எதனால் இறக்கின்றன என்பது அந்த மருத்துவமனைக்கே தெரியாவிட்டால், எதைச் சரிசெய்வது? காகித கேஸ் ஷீட்டில் பாதி நிரப்பப்பட்ட விவரங்கள், ரிஜிஸ்டரில் ஒற்றை வரி, மாதக் கடைசியில் கூட்டிப்போட்டு மேலே அனுப்பப்படும் ஒரே ஒரு எண். சுகாதார அமைச்சகத்துக்குப் போய்ச்சேரும்போது அது 'இத்தனை பிறப்பு, இத்தனை இறப்பு' என்று மட்டுமே இருக்கும். ஏன் என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை.

ஹராரேயிலும் லிலோங்வேயிலும் என்ன செய்தார்கள்?

இந்த இடத்தில்தான் 'நியோட்ரீ' வருகிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த குழந்தைநல மருத்துவர் மிஷெல் ஹேய்ஸ் தலைமையில், மலாவி, ஜிம்பாப்வே மருத்துவர்களும் நர்ஸ்களும் சேர்ந்து உருவாக்கிய ஆண்ட்ராய்டு ஆப் இது. ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயில் உள்ள சாலி முகாபே மத்திய மருத்துவமனை, மலாவி தலைநகர் லிலோங்வேயில் உள்ள கமுசு மத்திய மருத்துவமனை ஆகியவற்றின் பச்சிளம் குழந்தைகள் வார்டுகளில் இது பயன்பாட்டுக்கு வந்தது.

வழக்கமான ஹெல்த் ஆப்களில் நர்ஸ் முதலில் வேலையை முடிப்பார், பிறகு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து டேட்டா என்ட்ரி போடுவார். அதாவது, ஒரே வேலை இரண்டு முறை. நியோட்ரீயில் குழந்தையை அட்மிட் செய்யும் வேலையே டேப்லெட்டில்தான் நடக்கிறது. மூச்சு எப்படி இருக்கிறது, வெப்பநிலை எவ்வளவு, எடை எவ்வளவு, தாய்க்குக் காய்ச்சல் இருந்ததா என்று ஆப் வரிசையாகக் கேட்கிறது. அபாய அறிகுறி இருந்தால் உடனே எச்சரிக்கிறது. அந்த நாட்டின் சிகிச்சை வழிகாட்டுதல்படி அடுத்து என்ன செய்யலாம் என்றும் சொல்கிறது. நெட் இல்லாவிட்டாலும் வேலை செய்யும், கனெக்‌ஷன் வந்த பிறகு டேட்டா மேலே போகும்.

அனுபவம் குறைந்த ஒரு நர்ஸுக்கு ராத்திரி ஷிஃப்ட்டில் இது ஒரு சீனியர் பக்கத்தில் நிற்பது மாதிரி. அந்த நர்ஸுக்கே பலன் கிடைப்பதால்தான் டேட்டாவும் ஒழுங்காக வருகிறது. 'மேலிடம் கேட்கிறது, நிரப்பு' என்ற ரிஜிஸ்டருக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். டிசைன் பற்றி அலுவலக மீட்டிங்கில் பேசுகிற யாரும் இதை உடனே புரிந்துகொள்வார்கள்.

2020-ல் இந்த டேட்டா எதிர்பாராத ஒரு விஷயத்தைக் காட்டியது. கோவிட் வந்ததால் குழந்தைகள் வார்டு என்ன ஆனது என்று இரண்டு மருத்துவமனைகளிலும் வாரவாரியாகப் பார்த்தார்கள். லிலோங்வேயில் அட்மிஷன் முதலில் சுமார் 42% சரிந்து, பிறகு மீண்டது. ஹராரேயில் முதல் கோவிட் கேஸுக்குப் பிறகு அட்மிஷனில் பெரிய மாற்றமே இல்லை. ஆனால், நர்ஸ்கள் வேலைநிறுத்தம் செய்த காலத்தில் அட்மிஷன் சுமார் 48% சரிந்தது.

அதாவது, ஹராரேயில் வார்டைக் காலியாக்கியது வைரஸைவிட வேலைநிறுத்தம்தான். அந்த வாரங்களில் ஹராரேயில் நோயுற்ற குழந்தைகள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. அந்தக் குழந்தைகள் எங்கே போனார்கள் என்பதை மருத்துவமனை டேட்டாவால் சொல்ல முடியாது. வாசல் தாண்டி உள்ளே வந்தவர்களை மட்டும்தான் அது எண்ணும்.

கருவி கொடுத்தால் போதாதா?

மலாவியின் இன்னொரு கதை இதற்குப் பதில். குறைமாதக் குழந்தைகளின் நுரையீரல் முதிர்ந்திருக்காது. ஒவ்வொரு மூச்சு விடும்போதும் நுரையீரலின் சின்னச் சின்னக் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். மூக்கு வழியாகத் தொடர்ந்து மெல்லிய அழுத்தத்தில் காற்று கொடுத்தால் அவை திறந்தே இருக்கும். இதுதான் சிபேப் சிகிச்சை. பணக்கார நாடுகளில் பல ஆண்டுகளாக இருப்பது. அந்தக் கருவிகளின் விலைதான் பிரச்சினை.

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகக் குழு, மலாவியின் பிளாண்டயர் நகரில் உள்ள குயின் எலிசபெத் மத்திய மருத்துவமனையுடன் சேர்ந்து 'புமானி' என்ற மலிவான பபிள் சிபேப் கருவியை உருவாக்கியது. குழாயின் மறுமுனை தண்ணீருக்குள் இருக்கும். அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை வைத்தே அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். 2014-ல் வெளியான சிறிய ஆய்வில், ஆக்ஸிஜன் மட்டும் பெற்ற குழந்தைகளில் 44% பிழைத்தன, இந்தக் கருவியில் வைக்கப்பட்டவர்களில் 71% பிழைத்தன. பிறகு, இது மலாவியின் அரசு மருத்துவமனைகளுக்குப் பரவலாகக் கொண்டுபோகப்பட்டது.

பெரும்பாலான கதைகள் இங்கே 'சுபம்' போட்டு முடிந்துவிடும். ஆனால், மலாவியில் ஒவ்வொரு குழந்தையின் விவரத்தையும் தொடர்ந்து சேகரித்தார்கள். சிபேப்பில் வைக்கப்பட்ட குழந்தைகளின் உடல் வெப்பநிலையையும் குறித்துவைத்தார்கள். அந்த வரிசையைப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. உடல் குளிர்ந்துபோன குழந்தைகள் அதிகம் இறந்தன. கருவி ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது, குழந்தை குளிரில் இருந்தது.

பிறந்த குழந்தையின் உடல் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால், சூடு உண்டாக்கவே குழந்தை தன் ஆக்ஸிஜனையும் சர்க்கரையையும் செலவழிக்கும். நுரையீரலுக்கு நாம் செய்யும் உதவி அங்கேயே கரைந்துவிடும். ஆக, தேவைப்பட்டது கூடுதலாக ஒரு சிபேப் மெஷின் மட்டும் அல்ல. வேலை செய்யும் வார்மர், நனையாத துணி, தொப்பி, தாயின் நெஞ்சோடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தெர்மாமீட்டர். தெர்மாமீட்டரில் பார்த்த எண்ணை எங்காவது எழுதிவைத்திருக்காவிட்டால், 'சிபேப் இங்கே சரிப்படவில்லை' என்று கருவியின் மீதே பழி விழுந்திருக்கும்.

இந்த அனுபவத்திலிருந்து வளர்ந்ததுதான் 'நெஸ்ட்360' என்ற திட்டம். மலாவி, கென்யா, தான்சானியா, நைஜீரியா உள்ளிட்ட நாடுகளில் கருவி, பயிற்சி, டேட்டா மூன்றையும் ஒரே பேக்கேஜாகக் கொண்டுபோகிறது.

கங்காரு பராமரிப்பு என்று சொன்னதும், அது ஏதோ வசதியில்லாத இடத்துக்கான மாற்று ஏற்பாடு என்று தோன்றலாம். அப்படியில்லை. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியாவில் 3,200-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வில், பிறந்தவுடனேயே இதைத் தொடங்கிய குழுவில் மரணம் 25% குறைந்தது. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். 2021-ல் முடிவுகள் வந்தன, அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் மாறியது.

டெல்லி காட்டிய எச்சரிக்கை

ஆப்பிரிக்காவைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்க முடியாது. டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில், 2011 முதல் 2014 வரை தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 13,530 பச்சிளம் குழந்தைகளை ஒரு ஆய்வுக் குழு தொடர்ந்து கண்காணித்தது. மூன்றுமே நகரின் பெரிய ரெஃபரல் மருத்துவமனைகள். ஆனாலும், அங்கு நிகழ்ந்த மரணங்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒன்றுக்குக் கிருமித்தொற்றுதான் காரணம்.

அதிர்ச்சி அதில் இல்லை. தொற்றில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு பிறந்த 72 மணி நேரத்துக்குள்ளேயே வந்திருந்தது. முதலிடத்தில் இருந்த கிருமி, மருத்துவமனைச் சூழலில் வளரும் அசினெட்டோபாக்டர். அதில் 80 சதவீதத்துக்கும் மேல் பல ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்காதவை. வழிகாட்டுதல் புத்தகத்தில் முதல் மருந்தாக எழுதப்பட்டிருக்கும் ஆம்பிசிலின், ஜென்டாமைசின் இங்கே எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்ற கேள்வி எழுந்தது.

பணக்கார நாட்டின் கிருமிப் பட்டியலை வைத்து நம்மூர்க் குழந்தைக்கு மருந்து எழுத முடியாது. இதைச் சொல்ல ரத்த கல்ச்சர் எடுக்க வேண்டும், ரிசல்ட்டை ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும், மாதம்தோறும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். லேப் வசதியே இல்லாத ஒரு மாவட்ட மருத்துவமனையில் இதில் முதல் படியே நடக்காது. எந்த ஆப்பும் அதைச் சரிசெய்யாது.

இதெல்லாம் யார் டைப் பண்றது?

உண்மையில் இதுதான் எல்லாத் திட்டங்களும் தடுக்கி விழும் இடம். உலக வங்கி ஒரு எண் கேட்கிறது, அமைச்சகம் வேறொன்று, நன்கொடை நிறுவனம் மூன்றாவது. கடைசியில், எல்லா படிவங்களும் வந்து நிற்பது அதே நர்ஸின் மேஜையில். ஒரு நிமிடம் படிவத்துக்குப் போனால், அது ஏதோ ஒரு குழந்தையிடமிருந்து எடுக்கப்பட்ட நிமிடம்.

கென்யா வேறு வழியில் போனது. 2013-ல் கெம்ரி வெல்கம் டிரஸ்ட் ஆய்வு மையம், அரசுடனும் அந்நாட்டுக் குழந்தைநல மருத்துவர் சங்கத்துடனும் சேர்ந்து மாவட்ட அளவிலான மருத்துவமனைகளில் ஒரு நெட்வொர்க்கைத் தொடங்கியது. மருத்துவமனைக்கு ஒரு டேட்டா கிளர்க். மருத்துவர்கள் ஒரே மாதிரியான அச்சடித்த அட்மிஷன் படிவத்தில் எழுதுவார்கள். குழந்தை டிஸ்சார்ஜ் ஆனதும் கிளர்க் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். சில மாதங்களுக்கு ஒருமுறை ரிப்போர்ட் அதே வார்டுக்குத் திரும்பி வரும்: 'எடை எழுதப்பட்டது இத்தனை சதவீதம், மருந்தின் அளவு சரியாக இருந்தது இத்தனை சதவீதம்.'

டெக்னாலஜி என்று பார்த்தால் இதில் புதுசா எதுவும் இல்லை. பழைய ஸ்டைல் காகிதப் படிவமும் ஒரு மனிதரின் சம்பளமும்தான். ஆனால், டேட்டா மேலே போவதோடு நிற்காமல், எழுதியவர்களிடமே திரும்பி வருகிறது. அரசு அலுவலகப் படிவம் எதையாவது நிரப்பிய அனுபவம் உள்ளவர்களுக்கு இது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும்.

ஏஐ வந்தால் எல்லாம் மாறிவிடும் என்ற பேச்சும் இருக்கிறது. எந்தக் குழந்தைக்குத் தொற்று வரும் என்று கணிக்கும் மாடல்களை நியோட்ரீ டேட்டாவை வைத்தும் முயற்சிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால், 86 என்று எழுதப்பட்டு நிஜத்தில் 11 ஆக இருக்கும் ஒரு ரிஜிஸ்டரை வைத்து மாடலுக்குப் பயிற்சி கொடுத்தால், அது அந்த 86-ஐத்தான் நம்பிக் கற்றுக்கொள்ளும். பிரைவசியும் சின்ன விஷயம் இல்லை. ஜிம்பாப்வேயிலும் மலாவியிலும் குழந்தையை அட்மிட் செய்யும்போது தாயின் எச்ஐவி நிலையும் பதிவாகும். அந்த டேப்லெட் தொலைந்தால் என்ன ஆகும் என்பதை முதல் நாளே யோசித்திருக்க வேண்டும்.

நம்ம ஊர்ல என்ன நிலைமை?

இந்தியாவின் மாவட்ட மருத்துவமனைகளில் பச்சிளம் குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே சேர்க்கப்படும் குழந்தையின் எடை, எத்தனை வாரத்தில் பிறந்தது, அதே மருத்துவமனையில் பிறந்ததா, வெளியிலிருந்து ரெஃபர் ஆகி வந்ததா, என்ன நோய், கடைசியில் என்ன ஆனது ஆகியவை ஆன்லைனில் பதிவாகின்றன. தமிழ்நாட்டில் கர்ப்பம் உறுதியானவுடனேயே பிக்மி தளத்தில் பதிவு தொடங்கிவிடுகிறது. அந்த ஆர்சிஹெச் எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்க அலைந்தவர்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

அவ்வளவு பதிவு இருக்கும் நம் மாநிலத்திலேயே ஒரு எண் குழப்பம் உண்டு. 2020-க்கான எஸ்ஆர்எஸ் அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் ஆயிரம் பிறப்புகளுக்கு 9 பச்சிளம் குழந்தைகள் இறந்தன. 2019-21-ல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 12.7. இந்திய அளவில் முதல் கணக்கில் 20, இரண்டாவதில் 24.9.

எது சரி? இரண்டும் அளப்பது ஒன்றையே அல்ல. எஸ்ஆர்எஸ், தேர்ந்தெடுத்த பகுதிகளில் பிறப்பு, இறப்பைத் தொடர்ந்து கணக்கெடுக்கிறது, அந்த ஒரு வருடத்தைச் சொல்கிறது. குடும்பநலக் கணக்கெடுப்பு, வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் கேட்டு, முந்தைய ஐந்து ஆண்டுகளின் சராசரியைச் சொல்கிறது. மரணம் குறைந்துகொண்டே வரும் மாநிலத்தில் ஐந்தாண்டுச் சராசரி அதிகமாகத் தெரிவது இயல்பு. ஆனால், இலக்கான 12-க்கு ஒரு கணக்கு கீழே, இன்னொன்று மேலே. 'தமிழ்நாடு இலக்கைத் தாண்டிவிட்டது' என்று மேடையில் பேசுபவர் எந்த எண்ணை எடுப்பார் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம்.

இந்த இரண்டாவது வகைக் கணக்கெடுப்புக்குத்தான் இப்போது ஆபத்து. நம் குடும்பநலக் கணக்கெடுப்பின் உலகளாவிய குடும்பம், டிஹெச்எஸ் எனப்படும் மக்கள்தொகை சுகாதாரக் கணக்கெடுப்புத் திட்டம். 1984 முதல் அமெரிக்காவின் யுஎஸ்எய்டு நிதியில் 90 நாடுகளில் நடந்துவந்தது. பிறப்பு, இறப்புப் பதிவு ஒழுங்காக இல்லாத பல ஏழை நாடுகளில், வீட்டில் பிறந்து வீட்டிலேயே இறந்த குழந்தையைக் கணக்கில் கொண்டுவந்த முக்கிய வழி இதுதான். ஹராரேயில் வேலைநிறுத்த வாரங்களில் மருத்துவமனைக்கு வராமல் போன குழந்தைகளைப் பற்றியும் இப்படி ஒரு கணக்கெடுப்பில் தாய்மார்கள் சொன்னால்தான் உண்டு.

2025 பிப்ரவரியில், யுஎஸ்எய்டு வெட்டுகளோடு சேர்த்து இந்தத் திட்டமும் நிறுத்தப்பட்டது. பாதியில் நின்ற கணக்கெடுப்புகளை முடிக்க கேட்ஸ் அறக்கட்டளை இடைக்கால நிதி கொடுத்தது. அதற்குப் பிறகான கணக்கெடுப்புகளுக்கு அந்தந்த நாட்டு அரசுகள்தான் பட்ஜெட்டில் பணம் ஒதுக்க வேண்டியிருக்கும். கென்யாவின் டேட்டா கிளர்க்குக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதும், ஹராரேயில் நர்ஸ்கள் கேட்ட சம்பளத்தைக் கொடுக்க வேண்டியதும் அதே மாதிரியான பட்ஜெட்டிலிருந்துதான்.